வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்



நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் மனுக்களில், கல்யாணம், மருத்துவம், மாடு, ஆடு என்பவற்றோடு இன்னொரு காரணமும் இருக்கிறது: "வீட்டு அட்வான்ஸ்". கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கும். மகனுக்குக் கன்டெய்னர் யார்டில் ஆள் எடுப்பார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த இடம் பட்டணமாக இருக்கும். இரண்டு வருடம் மழை பொய்த்துப் போனால் குடும்பமே பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடும்.

கிளம்புவதில் தப்பில்லை. ஆனால் எப்படிக் கிளம்புகிறோம்? தெரிந்தவர் ஒருவர் போன் செய்கிறார்: "ஒரு வீடு காலியா இருக்கு, உடனே வந்தா முடிச்சிடலாம்." வீட்டுக்காரர் ஒருநாள் போகிறார், சமையலறை, கக்கூஸ், வாடகை மூன்றையும் பார்க்கிறார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். மாட்டுச் சந்தையில் கூட நாம் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துத்தான் மாடு பிடிக்கிறோம். பிள்ளைகளோடு பல வருடம் வாழப்போகும் இடத்துக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவழிப்பதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். புது ஏரியாவின் ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்கிறது. பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் வெளியூர்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் போகும் ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம்: வட சென்னையின் காலடிப்பேட்டை.

காலடிப்பேட்டை எப்படிப்பட்ட இடம்?

திருவொற்றியூருக்குத் தெற்கே, டோல்கேட்டைத் தாண்டியதும் வருவது காலடிப்பேட்டை. சுமார் 300 வருடங்களுக்கு முன், 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயர் காலத்தில் நெசவாளர்களுக்காக உண்டான ஊர் இது. "காலெட் பேட்டை" என்பதே மக்கள் வாயில் "காலடிப்பேட்டை" ஆகிவிட்டது. ஆக, அன்றைக்கே இது பிழைக்க வந்தவர்களின் ஊர்தான்.

சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலையும் கடலும். மேற்கே ரயில் பாதை, பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு அப்பால் மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும். தெற்கே தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூரும் காமராஜர் துறைமுகமும். முன்பு தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்தது. அவசர சிகிச்சைக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனையும், பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் இந்தப் பக்கத்தில்தான் உள்ளன. வேலை, கடைத்தெரு, கோயில், பஸ், ரயில் எல்லாம் உண்டு. ஆனால் வேலை கொடுக்கும் அதே ஆலையும் அதே துறைமுகமும்தான் சில ஆபத்துகளையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கின்றன.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான மக்கள் அங்கே வாழ்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். எந்தத் தெரு எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாகப் போகிற நமக்குத்தான் தெரியாது.

"வேலை எங்கேயோ அங்கேதானே போகணும், ஏழைக்கு ஏது தேர்வு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏரியாவைத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு இல்லாமல் போகலாம். ஆனால் அந்த ஏரியாவுக்குள் எந்தத் தெரு, எந்த மாடி, எந்தப் பள்ளி, ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் நாம்தான் முடிவு செய்கிறோம். அதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்புதான் செய்ய முடியும். கொடுத்த பிறகு கேட்கும் கேள்விக்குப் பலன் குறைவு.

மூன்று தடவை போங்கள், மூன்று வேளையில் போங்கள்

ஒரே தெரு காலையில் ஒரு மாதிரியும் ராத்திரியில் வேறு மாதிரியும் இருக்கும். ஆகவே:

காலை 7 முதல் 9 மணிக்குள் ஒரு தடவை. தண்ணீர் எப்படி வருகிறது, குப்பை வண்டி வருகிறதா, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள், சாலையை எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

பொழுது சாய்ந்து இரவு 8 மணிக்கு மேல் ஒரு தடவை. தெருவிளக்கு எரிகிறதா, வேலை முடிந்து பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா, குடித்துவிட்டு நிற்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். பஸ் ஸ்டாப்பிலிருந்தோ மெட்ரோவிலிருந்தோ வீடுவரை நீங்களே நடந்து பாருங்கள். டாஸ்மாக் கடை எத்தனை தூரம் என்றும் கவனியுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளி, கோயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக்கூடாது என்பது விதி.

மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. மழைக்காலத்தில் போக முடியாவிட்டால் சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரியும். கீழே வெள்ளையடித்து மறைத்திருந்தால் எதிர்வீட்டில் கேளுங்கள்: "போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" முழங்காலா, இடுப்பா என்று கையால் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.

மூன்று தடவை பஸ் செலவு ஆகும்தான். ஆனால் மூன்றே மாதத்தில் வீட்டைக் காலி செய்தால் ஆகும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாரைக் கேட்பது?

வீட்டுச் சொந்தக்காரரும் புரோக்கரும் குறையைச் சொல்லமாட்டார்கள். அது அவர்கள் தொழில். உண்மை தெரிந்தவர்கள் வேறு ஆட்கள்:

தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், அங்கன்வாடி ஊழியர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா, பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஓட்டுநர்கள், அந்தப் பகுதியின் மகளிர் குழு உறுப்பினர்கள்.

"இந்த ஏரியா நல்லா இருக்குமா?" என்று கேட்டால், "ஏன், நல்லாத்தான் இருக்கும்" என்றுதான் பதில் வரும். யாரும் தன் ஊரை விட்டுக் கொடுக்கமாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "ராத்திரி பத்து மணிக்கு உங்க பொண்ணு தனியா கடைக்குப் போவாளா?" "கடைசியா எப்போ கெட்ட வாடை அடிச்சுது?" "பிள்ளைங்களுக்கு அடிக்கடி இருமல், வீசிங் வருதா?" "இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். ஒரே பதிலை இரண்டு பேர் சொன்னால் நம்பலாம்.

ஆபத்து எந்தப் பக்கம்? ஐந்து விஷயங்கள்

1. சாலை. வட சென்னையில் தினமும் கண்ணில் படும் ஆபத்து கன்டெய்னர் லாரிதான். துறைமுகத்துக்கும் யார்டுகளுக்கும் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். அவ்வளவு உயர வண்டியில் இருக்கும் டிரைவருக்கு, முன்னால் ஒட்டி நடக்கும் சின்னப் பிள்ளை தெரியாது. அதனால் வீடும் பள்ளியும் பெரிய சாலைக்கு ஒரே பக்கம் இருப்பது நல்லது. ரயில் பாதைக்கும் இதே கணக்குதான். காலடிப்பேட்டைக்கு மேற்கே வீடு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பிள்ளை தினமும் தண்டவாளத்தையோ மழைத்தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதையையோ தாண்ட வேண்டுமா என்று பாருங்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், சிக்னல் எங்கே, நடைமேம்பாலம் எங்கே, போக்குவரத்துக் காவலர் எந்த நேரத்தில் நிற்கிறார் என்று கேட்டு வையுங்கள்.

2. ஆலைகளும் வாயுவும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் 30-க்கும் மேற்பட்ட மாணவ மாணவியருக்கு மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்பட்டது. பள்ளியை மறுபடி திறந்தபோது, நவம்பர் 4 அன்று மீண்டும் சிலருக்கு அதே தொல்லை வந்தது.

பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே வாழ்வது பெரிய ஆபத்து. 2020 ஆகஸ்டில் லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்து நகரமே நாசமானது. அதற்குப் பிறகுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் அதே பொருள் 697 டன் இருப்பது ஊருக்குத் தெரிய வந்தது. 2015-ல் சுங்கத் துறை பறிமுதல் செய்து வைத்த சரக்கு அது. பிறகு ஏலம் விட்டு ஐதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து வருடம் மக்கள் அதன் பக்கத்திலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கினார்கள்.

1984-ல் போபாலில் நடந்ததும் நமக்குத் தெரியும். ஆலைக்கு எதிரே குடியிருந்தவர்களுக்கு உள்ளே என்ன தயாரிக்கிறார்கள், கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பின் 1989-ல் மத்திய அரசு கொண்டுவந்த அபாய ரசாயன விதிகளின்படி, ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் பெரிய ஆலைகள், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு அது பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவசரகால ஒத்திகையும் நடக்க வேண்டும். எனவே தயங்காமல் கேளுங்கள்: "இங்கே சைரன் ஊதுவாங்களா? ஒத்திகை நடந்திருக்கா? எந்தப் பக்கம் போகச் சொன்னாங்க?"

வீடு பார்க்கும்போது ஆலையின் சுவரையோ குடோனின் சுவரையோ ஒட்டிய வீட்டைத் தவிர்க்கப் பாருங்கள். ஒரே வழி மட்டும் உள்ள சந்தைவிட இரண்டு பக்கமும் வெளியேறும் தெரு நல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால், போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-க்கு மேல் போனால் மிக மோசம் என்று கணக்கு. மணலிக்கு வந்தது 76.32. காற்று எப்படி இருக்கிறது என்பதை அந்த வாரியத்தின் "சமீர்" என்ற செல்போன் செயலியில் பார்க்கலாம். பத்தாவது படிக்கும் பிள்ளையைக் கேட்டால் எடுத்துக் காட்டும்.

3. கட்டடம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-ல் கட்டிய வாரியக் குடியிருப்பில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 20-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், முந்தின இரவே விரிசலைக் கவனித்த மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லி எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பார்க்கிற கண் எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கடல் காற்றில் உப்பு இருப்பதால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வீடு பார்க்கும்போது கூரையை அண்ணாந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா? மாடிப்படிக்கு அடியில், கழிப்பறைக்கு மேலே, பால்கனியில் பாருங்கள். கோணல்மாணலாகப் பெரிய விரிசல் இருக்கிறதா? இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

4. தண்ணீரும் வெள்ளமும். மெட்ரோ வாட்டர் குழாய் வீட்டுக்குள் வருகிறதா, தெருவில் அடிபம்பா, லாரியா என்று கேளுங்கள். வட சென்னையின் பல பகுதிகளுக்கு, 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்திலிருந்து தண்ணீர் வருகிறது. போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ நம்பாதீர்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது. ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து பாருங்கள், மேலே வானவில் போல் படலம் மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எர்ணாவூரில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்யும் வீடுகளுக்குள் புகுந்தது. பாத்திரம், பாய், பள்ளிப் புத்தகம் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கால்வாய் ஓரம் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போயே ஆக வேண்டும் என்றால் தரைத்தளத்தை விட்டு முதல் மாடியைக் கேளுங்கள். நூறு, இருநூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

5. பெண்களின் பாதுகாப்பு. கழிப்பறை வீட்டுக்குள்ளா, வெளியேயா? பல குடித்தனங்களுக்குப் பொதுவா? உள் தாழ்ப்பாள் இருக்கிறதா? இரவில் அங்கே விளக்கு எரிகிறதா? வயசுப் பெண் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கணவர் நைட் ஷிப்ட் போகும் வேலையென்றால், பக்கத்துக் குடித்தனத்தில் குடும்பமா, தனி ஆட்களா என்றும் விசாரியுங்கள். காவல் நிலையம் எங்கே, எத்தனை நிமிட நடை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தை எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலும் வீட்டை முடித்த பிறகு பள்ளியைத் தேடுகிறோம். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பள்ளி, பிறகு அதற்கு நடக்கும் தூரத்தில் வீடு.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. தமிழ்நாட்டு விதிப்படி 1 முதல் 5-ஆம் வகுப்புக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8-ஆம் வகுப்புக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும்.

ஊர் மாறுகிற நமக்கு இந்தச் சட்டத்தில் மூன்று நல்ல செய்திகள் உண்டு. டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ உங்கள் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் திருப்பி அனுப்பக் கூடாது. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். ஆனாலும் பழைய பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். "எமிஸ்" என்னும் கணினிப் பதிவில் அவர் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியும். சொல்லாமல் வந்துவிட்டால் பிள்ளை பழைய பள்ளிக் கணக்கிலேயே நிற்கும். பாடப்புத்தகம், சீருடை, உதவித்தொகை எல்லாம் இழுபறியாகும்.

பள்ளிக்கு நேரில் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியரைப் பார்ப்பது நம் உரிமை. கேட்க வேண்டியவை:

• என் பிள்ளையின் வகுப்பு இங்கே எதுவரை இருக்கிறது? எட்டோடு முடிந்தால் அப்புறம் எங்கே போவது?

• தமிழ் வழியா, ஆங்கில வழியா? எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா?

• பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, அதில் தண்ணீர் இருக்கிறதா? (கேட்பதோடு நில்லாமல் போய்ப் பாருங்கள்.)

• காலை உணவும் மதிய உணவும் உண்டா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நமக்குத் தெரியும்.

• பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிறதா? சட்டப்படி இதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்.

• வாயுக் கசிவு, தீ, வெள்ளம் என்றால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவீர்கள்? பெற்றோருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்தால், அதுவே ஒரு பதில்தான்.

தனியார் பள்ளி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிஞ்சுகளை இழந்தோம். ஓலைக் கூரையும் குறுகலான வழியும்தான் எமனாக வந்தன. ஆகவே அரசு அங்கீகாரம், கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் "யுடைஸ்" என்ற 11 இலக்க எண் உண்டு. அதைச் சொல்லத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். கட்டணம் எவ்வளவு என்பதை அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பிள்ளை வேனில் போவதாக இருந்தால் வேனுக்குள் ஏறிப் பாருங்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன: உதவியாளர், அவசர வழி, வருடாந்திரச் சோதனை எல்லாம் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். பட்டணம் வந்ததும் "இங்கிலீஷ் மீடியம்" ஆசையில் பலர் அரசுப் பள்ளியிலிருந்து தனியாருக்கு மாற்றுகிறார்கள். 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். இது 2020-ல் வந்த சட்டம். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டமும் 2022-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. நடுவில் இரண்டு வருடம் மாறினாலும் இவை கைநழுவிப் போகலாம். மாற்றும் முன் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 10 அல்லது 12-ஆம் வகுப்பில் பிள்ளை இருந்தால், பொதுத்தேர்வு முடியும்வரை பாட்டி வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிட்டு, மே மாதத்தில் குடிபெயர்வது நல்லது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதனால் நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

இ.பி. மீட்டர் தனியா, பொதுவா? தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை உங்களுக்கு வரும். பொது மீட்டரில் ஓனர் சொல்லும் ரேட்டைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் முடித்துவிட்டு வர வேண்டியவை

குழுவில் உங்கள் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று ஊக்குநரிடமும் பிரதிநிதியிடமும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். சொல்லாமல் போனால் மற்ற உறுப்பினர்களின் தலையில் சுமை ஏறும், குழுவின் பெயர் வங்கியில் கெடும். கூட்டமைப்பிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் நகரத்தில் வேறு குழுவில் சேர உதவும்.

ரேஷன் கார்டுக்கு அவசரப்பட வேண்டாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். வசதியானபோது முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, கர்ப்பிணி என்றால் தாய்சேய் நல அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். வெள்ளமோ வாயுவோ என்றால் அந்தப் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்

காவல் உதவி: 100, 112
தீயணைப்பு: 101
ஆம்புலன்ஸ்: 108
பெண்கள் உதவி: 181
குழந்தைகள் உதவி: 1098
சென்னை மாநகராட்சிப் புகார்: 1913
சென்னைக் குடிநீர் வாரியம்: 1916
பள்ளிக் கல்வி உதவி: 14417

வாயு வாடை வந்தால்: ஈரத்துணியால் மூக்கு, வாயை மூடுங்கள். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக் காற்றின் திசையை அறியுங்கள். வாடை வரும் திசையை நோக்கி ஓடாதீர்கள், காற்றுக்குக் குறுக்காக விலகிப் போங்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். பிறகு மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்.

ஒன்று: வீட்டு அட்வான்சுக்கு உள்கடன் கேட்பவரிடம், "தெருவைப் பார்த்தாயா? பள்ளியைப் பார்த்தாயா? யாரைக் கேட்டாய்?" என்று கேட்பது. கடனை மறுப்பதற்காக அல்ல. நம் பணமும் அவள் குடும்பமும் பத்திரமாக இருப்பதற்காக.

இரண்டு: நம் ஊரிலிருந்து ஏற்கெனவே பட்டணம் போனவர்களின் தெரு, போன் நம்பர் அடங்கிய ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது. அடுத்துப் போகிறவள் முதலில் அவர்களைக் கேட்கட்டும்.

மூன்று: போகும் பெண் தனியாகப் போய் வீடு பார்க்காமல், குழுவிலிருந்து இன்னொருத்தி கூடப் போவது. ஒருத்தி சமையலறையைப் பார்க்கும்போது இன்னொருத்தி எதிர்வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுக்கலாம். வீட்டைப் பற்றிய உண்மை பெரும்பாலும் எதிர்வீட்டில்தான் இருக்கும்.

வீடு முடிவாவதற்கு முன், குடும்பத் தலைவர் ஒரு தடவை போய்ப் பார்த்தது போதாது. அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கப்போவது, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகப்போவது, இரவில் கதவைத் தாழிட்டுப் படுக்கப்போவது நீங்கள். ஆகவே நீங்களும் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு "வேண்டாம்" என்று தோன்றினால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.